சி.ஏ. படிப்பை ஒழுங்காக நிறுத்துவது எப்படி

சி.ஏ., அதாவது ஆடிட்டர் ஆவதற்கான படிப்பில், பாஸ் ஆவது எப்படி என்று சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். நிறுத்துவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. காரணம், நிறுத்தியவன் எவனும் நிறுத்திவிட்டேன் என்று வாய் திறந்து சொல்வதில்லை. "ஒரு குரூப் பாக்கி இருக்கு", "அடுத்த அட்டெம்ப்ட்ல பாத்துக்கலாம்", "வேலைக்குப் போய்க்கிட்டே எழுதுறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். நானும் ஒன்றரை வருஷம் அதைத்தான் சொன்னேன். புத்தகத்தைத் திறக்கவும் இல்லை, கட்டிப் பரணில் போடவும் இல்லை. படித்த வருஷங்களை வீண் என்று நான் நினைக்கவில்லை, அந்த ஒன்றரை வருஷம்தான் வீண்.

இப்போது மதுரை செல்லூரில் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். தமாஷுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் தொழில். அதனால் கீழே எழுதியிருப்பதை, படிப்பை விட்டு எங்கோ பெரிய வேலைக்குப் போய் உயர்ந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்துவதும் ஒரு வேலை, அதையும் தேதி குறித்து, காகிதம் வாங்கி, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி முடிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் படிப்பை நாம் விட்டாலும் அது நம்மை விடாது. அவ்வளவுதான் விஷயம், இனி எப்படி என்று பார்க்கலாம்.

ரிசல்ட் வந்த வாரத்தில் முடிவெடுக்காதீர்கள்

நான் எழுதியது பழைய ஐ.பி.சி.சி. பாடத்திட்டம், இப்போது இன்டர் என்கிறார்களே, அந்த நடுக் கட்டத் தேர்வு. இரண்டாவது குரூப்பில் மூன்று பேப்பர், மொத்தம் 300 மார்க். ஒவ்வொரு பேப்பரிலும் 40, கூட்டிப் பார்த்தால் பாதி, அதாவது 150 வர வேண்டும். நாலாவது தடவை எனக்கு வந்தது 147. அன்று ராத்திரி எல்லாப் புத்தகத்தையும் வைகையில் போட்டுவிடலாம் என்று இருந்தது (தண்ணீர் இல்லை, அது வேறு). இரண்டே நாளில், மூணு மார்க்தானே என்று அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். இரண்டும் ஒரே காய்ச்சலில் செய்த வேலை. நிறுத்துவது என்றாலும் சரி, தொடர்வது என்றாலும் சரி, ரிசல்ட்டுக்குப் பிறகு குறைந்தது நாற்பது நாள் தள்ளிப் போடுங்கள். அதற்கு நடுவில் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டால் முடிந்துவிட்டுப் போகட்டும். அப்போதெல்லாம் மே, நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவைதான், இப்போது மூன்று தடவை நடத்துகிறார்கள். பாஸ் ஆகப்போகிறவர்களுக்கு அது வசதி. நம்மைப் போல ஊசலாடுகிறவர்களுக்கோ, எப்போது பார்த்தாலும் நாலு மாதத்தில் ஒரு தேர்வு எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நாற்பது நாள் கழித்துக் கேட்டுக்கொள்ள ஒரே கேள்விதான். பிடிக்காதது தேர்வா, வேலையா?

இதைத் தெரிந்துகொள்ள, தோற்றால் என்ன செய்வது என்று யோசிக்கக் கூடாது, ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, வாசலில் போர்டு மாட்டியாகிவிட்டது, பத்து வருஷமும் ஓடிவிட்டது. செப்டம்பர் மாதம். வரித் தணிக்கைக்குக் கடைசித் தேதி 30 என்று முப்பது கட்சிக்காரர்களின் ஃபைல் மேசை மேல் கிடக்கிறது. அந்த மேசையில் உட்காரக் கை பரபரக்கிறதா? ஆமாம் என்றால் இதை மூடிவிட்டுப் போய்ப் படியுங்கள், எத்தனாவது அட்டெம்ப்ட் என்பதெல்லாம் கணக்கே இல்லை. ஆடிட்டர் ஆபீசில் என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு அண்ணன் ஒன்பதாவது தடவையில் முடித்தார். டிரையல் பேலன்ஸ், அதாவது பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியல், 90 ரூபாய் உதைக்கிறது என்றால் எங்களுக்கு வயிறு கலங்கும், அவருக்கு முகம் மலரும். "ஒன்பதால வகுபடுதுல்ல, எங்கயோ ரெண்டு நம்பர மாத்திப் போட்டுருக்கான்" என்று சொல்லிக்கொண்டே லெட்ஜரைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். அவரிடம் போய் யாராவது நிறுத்தச் சொல்லியிருந்தால் பாவம்.

எனக்கு அந்த வேலையில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், மார்ச் 31-ஆம் தேதி கிடங்குகளுக்குப் போய்ச் சரக்கு எண்ணுவது. மூட்டைத் தூக்குகிறவர்களோடு டீ குடித்துக்கொண்டு, துவரையில் எத்தனை ரகம், போன வருஷ உளுந்துக்கும் இந்த வருஷ உளுந்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே நிற்பேன். ஆபீசுக்கு வந்து அதையே தாளில் ஏற்றச் சொன்னால் தூக்கம் வரும். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

யார் முகம் தெரிகிறது என்று எழுதுங்கள்

என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் வருவார். முதலாளியே எழுந்து நின்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போடுவார். அப்பா எழுதிய கணக்கில் அவர் பச்சை மையில் டிக் அடித்துக்கொண்டே போவார், முடித்ததும் கையெழுத்துப் போடுவார். வருஷம் முழுக்க எழுதியது அப்பா. ஆனால் அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் பேங்க்காரன் மரியாதை கொடுப்பான். என்னை சி.ஏ. படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எங்கே பிறந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்து நான் சி.ஏ. நுழைவுத் தேர்வான சி.பி.டி. எழுதித் தேறிய அன்றே ஒரு பச்சை மைப் பேனா வாங்கி வந்துவிட்டார்.

அப்புறம் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் மொய் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள். "ஆடிட்டருக்குப் படிக்கிறான்ல, அவன் எழுதட்டும்." எத்தனையோ கல்யாணத்தில் நான் சாப்பிட்டது கடைசிப் பந்திதான். மொய்ப் பணத்தை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவரும் கேட்பார்கள், "என்ன மருமகனே, இன்னும் எத்தனை பேப்பர் பாக்கி?" முந்நூறு பேர், அதே கேள்வி முந்நூறு தடவை.

இந்த நெருக்கடியை மொத்தமாகத் தலையில் வைத்துக்கொண்டு யோசித்தால் மலை மாதிரி தெரியும். அதனால் ஒரு தாளை எடுத்து, நிறுத்தலாமா என்று நினைக்கும்போது யார் யார் முகமெல்லாம் கண்ணில் வருகிறதோ எல்லாப் பெயரையும் எழுதுங்கள். எனக்கு இருபத்தி மூன்று பெயர் வந்தது. ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்று தோன்றுகிற பெயர்களை அடியுங்கள். அப்புறம், அவர்கள் மகன் மகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் கேட்கிறவர்களை அடியுங்கள். என் தாளில் கடைசியில் நின்றது இரண்டு பேர்தான், அப்பாவும், எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த சாரும். இருபத்தி மூன்று பேருக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது, இரண்டு பேருக்குச் சொல்லலாம்.

அந்தத் தாளில் உங்கள் பெயரும் வந்ததா என்றும் பாருங்கள். பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, எல்லாப் பழியையும் அப்பா மேல் போட்டால் அது பொய்.

போட்ட காசு, போட்ட வருஷம்

இதில் எல்லோரும் மாட்டுவது ஒரே இடத்தில்தான். இவ்வளவு படித்துவிட்டு இப்போது போய் விடுவதா? காஸ்டிங் பேப்பரில் சங்க் காஸ்ட் என்று ஒன்று படிப்போம், ஏற்கெனவே செலவாகித் திரும்ப வராத பணம், அடுத்து எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கவே கூடாது என்று. அந்தப் பேப்பரில் நான் 61 வாங்கினேன். வாங்கிவிட்டு, மூணு வருஷம் போட்டாச்சே என்று மேற்கொண்டு மூணு தடவை பரீட்சை எழுதினேன். புத்தகத்தில் படிப்பது வேறு போல.

சரி, நிஜமான கணக்கு இதுதான். இதுவரை போனதை ஒரு பக்கம் எழுதி, குறுக்கே கோடு போட்டு மூடிவிடுங்கள். மறுபக்கம் இனிமேல் ஆகப்போவதை மட்டும் எழுதுங்கள். இன்டர் முடிக்க எத்தனை மாதம், ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி எவ்வளவு பாக்கி (எங்கள் காலத்தில் மூன்று வருஷம், 2023-ல் வந்த திட்டத்தில் இரண்டு வருஷம் ஆக்கிவிட்டார்கள்), அதற்கப்புறம் ஃபைனல் இரண்டு குரூப்புக்கு எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் உங்கள் பழைய வேகத்தை வைத்தே மாதம் போடுங்கள். அடுத்த தடவை கண்டிப்பாகப் பாஸ் என்று வைத்துப் போடக் கூடாது. எனக்கு அந்தக் கணக்கு முப்பத்தி மூணு வயதில் போய் நின்றது. அந்த வயது வரை வீட்டில் யார் சம்பாதிப்பது என்பது அடுத்த வரி. ஆர்ட்டிகிள்ஷிப் முதல் வருஷத்தில் எனக்குக் கொடுத்தது மாதம் 1,500 ரூபாய், பெட்ரோலுக்கே பத்தாது.

இந்த இடத்தில் ஒரு நண்பன் வந்து, சி.ஏ. வேண்டாமென்றால் சி.எம்.ஏ. எழுது, சி.எஸ். எழுது, ஏ.சி.சி.ஏ. எழுது என்று கணக்கு, கம்பெனி சார்ந்த பக்கத்துப் படிப்புகளைக் காட்டுவான். அந்தப் படிப்புகளில் ஒரு குறையும் இல்லை, அந்த வேலை வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் நிறுத்தியவன் என்ற பேரில் இருந்து தப்பிப்பதற்காகப் போனால் அது ஒரு வண்டியில் இருந்து இறங்கி அதே ஊருக்குப் போகும் இன்னொரு வண்டியில் ஏறுவதுதான். நான் சி.எம்.ஏ.வுக்குப் பணமே கட்டினேன். புத்தகப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. குரூப் 4, வங்கித் தேர்வு என்று திரும்புவதும் பெரும்பாலும் இதே கதைதான். பரீட்சைக்குத் தயாராகிறேன் என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது நம் ஊரில், வருஷக்கணக்காக அந்த நிழலில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கையில் இருப்பதைக் காகிதமாக வாங்கிவிடுங்கள்

கோபத்தில் ஆபீசை விட்டு ஓடிவந்துவிடாதீர்கள். ஆர்ட்டிகிள்ஷிப் முடித்திருந்தால் 108-ஆம் எண் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பியாயிற்றா என்று பாருங்கள். பாதியில் விடுவதாக இருந்தால் 109-ஆம் எண் படிவம். இந்த நாளுக்கு அப்புறம் இது எனக்கு எதற்கு என்று தோன்றும். செய்யுங்கள். பின்னால் யாராவது வேலைக்கு எடுக்கும்போது, மூணு வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். கூடவே என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக ஒரு அனுபவக் கடிதமும் கேளுங்கள். மார்க் ஷீட், தேறிய குரூப்பின் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள்.

பி.காம். இருக்கிறதா? அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வணிகவியல் பட்டம் இருந்தால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளலாம், பி.சி.டி. 01 என்ற படிவம், ஜி.எஸ்.டி. தளத்திலேயே போடலாம். நாசின் என்ற மத்திய அரசின் மறைமுக வரிப் பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும், அதுவும் ஒரு தேர்வுதான், என்ன செய்வது. பதிந்துவிட்டால் கட்சிக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட மட்டும் முடியாது, அது சி.ஏ.வுக்கு உரியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நான் ஆபீசில் சம்பளத்துக்கு இருந்தேன். கீழமாசி வீதிக் கடைக்காரர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் படிந்த வேலைதான் பின்னால் இரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டது, மாவு விற்ற காசு இல்லை. காலையில் மாவு, மத்தியானம் நாலு கடைக்குக் கணக்கு. புதுத் தொழில் காலூன்றும் வரை பழைய தொழிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. கடைக்காரர்கள் உங்களை ஆடிட்டர் தம்பி என்றே கூப்பிடுவார்கள், கேட்க இனிப்பாக இருக்கும். விசிட்டிங் கார்டிலோ போர்டிலோ அதைப் போட்டுவிடாதீர்கள். உறுப்பினர் ஆகாதவர் தன்னை சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொள்வது 1949-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பெண் பார்க்கும் ஜாதகத்தோடு போகிற பயோடேட்டாவில் சி.ஏ. என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்டர் என்று எறும்பு மாதிரி போடுவார்களே, அதையும் எடுத்துவிடுங்கள். அந்த எறும்பைப் பிறகு பெண் வீட்டார் கண்டுபிடிக்கும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு ஒரு சம்பந்தம் அப்படித்தான் தட்டிப் போனது.

அடுத்த வேலையைச் சின்னதாகச் செய்து பாருங்கள்

நிறுத்துகிறேன் என்று அறிவித்துவிட்டு அப்புறம் என்ன செய்யலாம் என்று யோசிப்பது தப்பு வரிசை. முதலில் யாருக்கும் சொல்லாமல் தொண்ணூறு நாள் செய்து பார்க்க வேண்டும், கையில் இருக்கும் காசுக்குள், போனால் போகட்டும் என்கிற அளவில்.

நான் மாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. மதுரையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இட்லி வேகிற கடை உண்டு, அந்தக் கடைகளில் பாதிப் பேர் மாவை வெளியில்தான் வாங்குகிறார்கள் என்பது கணக்குப் புத்தகத்தில் பார்த்ததால் தெரியும். பருப்பு, அரிசி விலை கிடங்கில் நின்று பழகியதால் தெரியும். கோரிப்பாளையத்தில் ஒரு தள்ளுவண்டி அக்காவிடம் போய், நாளைக்குப் பத்துக் கிலோ மாவு தருகிறேன், பிடித்தால் காசு கொடுங்கள் என்றேன். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். பழைய கிரைண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டினேன். முதல் வாரம் மாவு பொங்கவே இல்லை. உளுந்தை ஆட்டும்போது கிரைண்டர் சூடேறும், குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும், நான் குழாய்த் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். "தம்பி, இத வச்சு போஸ்டர்தான் ஒட்டலாம்" என்றார் அக்கா. சித்திரை வெயிலில் நேர்மாறு, பாக்கெட் போட்ட மாவு கடைக்குப் போவதற்குள் புளித்து வீங்கி, ஒரு நாள் வண்டியிலேயே நாலு பாக்கெட் வெடித்து சட்டையெல்லாம் மாவு.

அப்படி இருந்தும் மறுநாள் நாலு மணிக்கு எழுந்துகொள்ள எனக்குக் கஷ்டமாக இல்லை. பரீட்சைக்குப் படிக்க அலாரம் மூன்று வைத்தும் எழுந்தவன் இல்லை நான். தொண்ணூறு நாளில் லாபம் வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பெரும்பாலும் வராது. சொதப்பிய மறுநாள் திரும்பிப் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அது உங்களுக்கு மாவாக இருக்க வேண்டியதில்லை, பள்ளியில் பாடம் எடுப்பதோ, மோட்டார் காயில் கட்டுவதோ, பூக்கடையோ, எதுவானாலும் பார்க்க வேண்டியது இதுதான்.

தொழிலாக ஆக்கும்போது செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சின்ன அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், நான் பதிந்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், காசு கேட்கும் இணையதளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் இருக்கிறது. நகரத்தில் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 15 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல், பிற்பட்ட பிரிவினருக்கும் 25 சதவீதம் மானியம், கிராமத்தில் என்றால் அதுவே 25-ம் 35-ம். ஆனால் மானியத்தை நம்பி எதையும் தொடங்காதீர்கள். ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி வளாகத்தில் மபிஃப் என்ற தொழில் வளர் மையம் இருக்கிறது, உணவு, விவசாயம் சார்ந்து தொழில் தொடங்குகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். அப்புறம் இட்லி மாவுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்ததை 2017 நவம்பரில் 5 ஆக்கினார்கள், அதற்கான அறிவிப்பைக் கட்சிக்காரர்களுக்காக நான்தான் ஆபீசில் அச்செடுத்து ஒட்டினேன். அப்போது தெரியாது, அது எனக்கும் சேர்த்துத்தான் என்று.

வீட்டில் சொல்வது

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. முதலில் அம்மாவிடம் சொல்லலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லுங்கள், ஆனால் அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். அம்மா சரியான நேரம் பார்த்து, சோறு போட்டுக்கொண்டே, "அவன் ஏதோ வேற தொழில் பண்றேங்குறான், அவுக அவுகளுக்குப் பிடிச்சதச் செய்யட்டுமே" என்று ஆரம்பித்திருக்கிறார். அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை, அம்மாவோடும் இல்லை. அவருக்குக் கோபம் நான் நிறுத்தியதில் பாதி, நேரில் வந்து சொல்லாததில் பாதி.

நாலாம் நாள் கடை மூடும் நேரத்துக்குக் கீழமாசி வீதிக்கே போனேன். வீட்டில் வைத்துப் பேசியிருந்தால் இருவரும் கத்தியிருப்போம், அவர் இடத்தில் அவர் கத்த மாட்டார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எத்தனை தடவை எழுதினேன், இனி எத்தனை வருஷம் ஆகும், மூணு மாதமாக என்ன செய்கிறேன், எவ்வளவு போட்டேன், எவ்வளவு வந்தது. கணக்கு எழுதுகிறவரிடம் கணக்காகத்தான் பேச முடியும்.

"மாவாட்டவாடா மூணு வருஷம் அங்க போய் உக்காந்த?" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பதிலும் யோசித்து வைத்திருந்தேன், அப்போது சொல்லத் தோன்றவில்லை. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "கரண்ட் பில்லு எங்கடா? வீட்டு மீட்டர்ல ஓட்டுறியா? நான் கட்டுற பில்லுல நீ லாபம் காட்டுற" என்றார். அது நிஜம், நான் விட்டுவிட்டேன். அதைக் கழித்தால் லாபம் பாதியாகிவிட்டது. அன்றைக்கு அவர் சரி என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷமும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் சம்மதம் அன்றைக்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மறைக்காமல் சொல்லியாகிவிட்டது என்றால் போதும். அப்பா அம்மாவுக்கு வருத்தப்பட நேரம் கொடுங்கள், அவர்களும் பத்து வருஷம் போட்டிருக்கிறார்கள்.

சாரிடம் சொன்னது ஐந்து நிமிஷம்தான். "முன்னாடியே தெரியும்ப்பா, நீயே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். எத்தனை ராத்திரி இதற்காகத் தூங்காமல் கிடந்தேன்!

மற்றவர்களுக்கு ஒரே வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் அதே வாக்கியம். "நிறுத்திட்டேன் மாமா, இப்ப இந்தத் தொழில் பண்றேன்." காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு மறுப்புச் சொல்வார்கள், மறுப்புக்கு நீங்கள் பதில் சொல்வீர்கள், பந்தி முடிந்துவிடும். "தற்போதைக்கு" என்ற சொல்லையும் சேர்க்காதீர்கள், அது கதவை ஒரு விரல் அளவு திறந்து வைப்பது.

நிறுத்திய பிறகு

புத்தகங்களை என்ன செய்வது? வரிச் சட்டப் புத்தகம் அடுத்த பட்ஜெட்டிலேயே பழசாகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள், பழைய பேப்பருக்குத்தான் போகும். மற்றதைப் படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஞாபகத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று ஒரு கட்டு வைத்தேன், அதன் மேல் இப்போது உளுந்து மூட்டை இருக்கிறது, ஈரம் ஏறாமல் இருக்க நல்ல வசதி.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கீகாரத்துக்கான அரிப்பு தொழில் மாறினால் போய்விடும் என்று நினைத்தேன், அது என் கூடவே மாவுக் கடைக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் பேர் தெரிந்ததும் தொலைபேசி வரும், சிறந்த இளம் தொழில்முனைவோர் விருதுக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், நட்சத்திர ஹோட்டலில் விழா, பதிவுக் கட்டணம் மட்டும் இவ்வளவு என்று. நான் ஒருமுறை கட்டப் போய்விட்டேன். அந்தக் காசுக்கு இன்னொரு கிரைண்டருக்கு முன்பணம் கொடுக்கலாமே என்று கடைசி நிமிஷத்தில்தான் உறைத்தது. காசு கேட்கிற விருது எதற்கும் போகாதீர்கள். ஆனால் அந்தப் போன் வந்தபோது அப்பாவிடம் காட்ட ஒரு கேடயம் கிடைக்குமே என்றுதான் முதலில் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, முதல் விண்ணப்ப வாரத்துக்குத் தயாராக இருங்கள். எல்லாம் சொல்லி, எல்லாம் முடித்து, நிம்மதியாக இருக்கும்போது அந்த வாரம் வரும். பழைய கோச்சிங் சென்டரில் இருந்து குறுஞ்செய்தி, நண்பர்கள் குழுவில் அதே பேச்சு. குழுவில் இருந்து வெளியேறிவிடுங்கள், தேர்வுத் தளத்தில் உள்நுழையும் கடவுச்சொல்லைத் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து மாற்றச் சொல்லிவிடுங்கள், அந்த வாரத்துக்கு வேலையை இரண்டு மடங்கு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் இதில் எதையும் செய்யவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை, மூணு மார்க்தானே என்று உட்கார்ந்திருந்தேன். பெயர், பதிவு எண் எல்லாம் போட்டாயிற்று. உள்ளே நாற்பது கிலோ அரிசி ஊறிக்கொண்டிருந்தது, நாலு மணிக்கு எழ வேண்டும், தூக்கம் கண்ணை இழுத்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் உளுந்து விலை ஏறியிருந்தது, நாலு கிடங்கு அலைந்து குறைந்த விலைக்கு மூட்டை எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, விண்ணப்பம் ஞாபகத்துக்கே வரவில்லை.